ராணியின் இறைச்சி

கனடாவில், குறிப்பாக நாங்கள் இருக்கும் ஒன்ராறியோவில், பாலைப் பையில் விற்கிறார்கள். நாலு லீற்றரை மூன்று பைகளில் அடைத்து, அவற்றை இன்னொரு பெரிய பைக்குள் போட்டுக் கடையில் அடுக்கியிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சாடிக்குள் நிறுத்தி மூலையைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். ஸ்காபரோவில் குடியேறி இத்தனை காலமாகியும் எனக்கு அது கைவரவில்லை. பிடித்தால் வழுக்குகிறது, வெட்டினால் மேசையெல்லாம் பால். என் மகள் அரைத் தூக்கத்தில் வந்து ஒரே வெட்டில் ஊற்றிக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம், கொஞ்சக் காலம் நானும் நசீரும்தான் அதைக் கறந்தோம் என்று.

ஒஷாவாவையும் தாண்டி வடக்கே போனால் வரும் ஒரு மாட்டுப்பண்ணை அது. முதலாளி பீற்றர். என் ஊர் ஆரையம்பதி, நசீரின் ஊர் காத்தான்குடி. இரண்டும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள், என்னுடையது தமிழ் ஊர், அவனுடையது முஸ்லிம் ஊர். ஆனாலும் சண்டைக் காலத்தில் எங்கள் ஊருக்குள் அவர்களும், அவர்கள் ஊருக்குள் நாங்களும் போகப் பயந்தோம். பக்கத்து ஊர்க்காரனைச் சந்திக்க நான் கனடாவுக்கு வர வேண்டியிருந்தது. எங்கள் வேலை பெர்மிட்டில் பீற்றரின் பண்ணை மட்டும்தான் இருந்தது. வேறு எங்கும் வேலை செய்ய முடியாது. அவர் வேண்டாம் என்றால் விமானம் ஏற வேண்டியதுதான். கொட்டிலுக்குப் பின்னால் ஒரு ட்ரெயிலர் வீட்டில் இருவரும் ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டோம். முதல் பனிக்காலத்தில் ஒரு மாடு என்னைக் கம்பி வேலியோடு சேர்த்து நெரித்துவிட்டது. மூச்சு இழுத்தால் விலா குத்தும். முதலாளிக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவார் என்று பயந்து மறைத்தேன். நான் தேறும்வரை என் பக்கத்து மாடுகளையும் நசீரே பார்த்தான்.

மாடுகளுக்குக் காதில் இலக்கம் மட்டும்தான் இருந்தது. நாங்கள் பெயர் வைத்தோம். ராணி என்று ஒருத்தி, முழங்கையை நக்காமல் எங்களைப் போகவிட மாட்டாள். ஒருநாள் நாங்கள் அவளோடு தமிழில் கதைத்துக்கொண்டு நிற்பதைக் கண்ட பீற்றர் என்ன பிரச்சினை என்று கேட்டார். அவளுடைய சுகத்தை விசாரிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் பயந்துபோய் மாட்டு வைத்தியரை வரவழைத்துவிட்டார். பீற்றர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவர்மேல் கோபப்படக்கூட என்னால் முடியாமல் போனது.

அடுத்த இலையுதிர் காலத்தில் பால் கறக்கும் ரோபோ வந்தது. இனி ஒரு ஆள் போதும், யாரென்று நத்தார் பண்டிகைக்குப் பிறகு சொல்கிறேன் என்றார் பீற்றர். எனக்கு நிரந்தர வதிவிட விண்ணப்பம் பாதியில் நின்றது. வேலை போனால் அதுவும் போகும். நான் இங்கு வந்த பிறகு பிறந்த மகளைப் போன் திரையில்தான் பார்த்திருந்தேன். நசீர் தன் தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. அவன் அனுப்பிய காசில் சுவர் எழும்பி, கூரையில்லாமல் நின்றது. அவன் எழும்புமுன் நான் கொட்டிலுக்குப் போகத் தொடங்கினேன். அடுத்த நாள் எனக்கு முன்னால் அவன் போய் நிற்பான். ஒரே பானையில் சாப்பிடும் இருவர் அப்படி ஓடுவது அசிங்கமாக இருந்தது. ஓடாமல் இருக்கவும் முடியவில்லை.

நத்தாருக்கு முதல் கிழமை பீற்றர் ஒரு பெட்டியோடு ட்ரெயிலருக்கு வந்தார். உள்ளே வெள்ளைத் தாளில் சுற்றிய இறைச்சி. பால் வற்றிய ஒரு மாட்டை இறைச்சிக்கு அனுப்பியிருந்தார். "உங்களுக்கு அவளைத் தெரியும், நல்ல பிள்ளை" என்றார், பெருமையோடு. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். கதவு சாத்தியதும் நசீர் என்னைப் பார்த்தான்.

"பிஸ்மி சொல்லி அறுக்காதது எனக்கு ஆகாது. உனக்கு மாடே ஆகாது. ஆளப் பார்த்துத்தான் குடுத்திருக்கார் மச்சான்."

வயிறு நோகச் சிரித்தோம். பிறகு அவன், "நம்மட ராணியடா" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

நத்தார் விடுமுறைக்கு நான் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த மச்சாள் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டியைக் காணவில்லை. நசீர் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"இறைச்சியப் பீற்றரிட்டத் திருப்பிக் குடுத்திட்டன். எங்கட மார்க்கத்துக்கு ஒத்துவராது, வீட்டுக்குள்ள வைக்க ஏலாது எண்டன். நீ சாப்பிட ஆசைப்பட்டதாம், நான்தான் விடல்ல எண்டும் சொன்னன். ஆளுக்கு முகம் சிவந்து போச்சு. போறது நான்தான் எண்டிட்டார்."

"ஏன்டா அப்பிடிச் சொன்ன?"

"நீ உன்ட மகள இன்னும் தூக்கல்லையே."

"தங்கச்சிட வீடு?"

"அதுக்குக் கட்டார் இருக்கு. நான் சொன்னதப் பொய்யாக்கிப் போடாத, அது போதும்."

அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியும் பார்த்தேன். பீற்றர் முடிவு எடுத்தாகிவிட்டது, இனி அழுது என்ன என்று என் முதுகைத் தட்டினான்.

அவன் போனபின் வந்த ஞாயிற்றுக்கிழமை பீற்றர் என்னை விருந்துக்கு அழைத்தார். அவருடைய மனைவி அந்த இறைச்சியைப் பெரிய தட்டில் துண்டுகளாக வெட்டி வைத்திருந்தார். "உன்னைத் தடுக்க இனி ஆளில்லை" என்றார் பீற்றர், எனக்கு நல்லது செய்த நிறைவோடு. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி வாசல் ஏறியதில்லை. நான் முள்ளுக்கரண்டியை எடுத்தேன். மென்றேன், விழுங்கினேன், நல்லாயிருக்கிறது என்றேன். இன்னும் இரண்டு துண்டு போட்டார்கள். அதையும் சாப்பிட்டேன். வெளியே வந்து பனிக்குள் குனிந்து நின்று வாந்தியெடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

பிறகு எல்லாம் கிடைத்தது. நிரந்தர வதிவிடம், மனைவி, மகள், ஸ்காபரோவில் வீடு. போன மாதம் யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விருந்து. மகள் மாட்டிறைச்சி பேகரைக் கடித்துக்கொண்டே, "அப்பா, லைக், ஒருக்காக்கூட ட்ரை பண்ணினதில்லையா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் மனைவி பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து, "இவர் பிறந்ததில இருந்து தொட்டதில்ல" என்றாள். அவள் குரலில் அவ்வளவு பெருமை. எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நசீர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கட்டாரில் மணல் வெளி, முன்னால் யாரோ ஒரு அரபியின் ஆடுகள், பின்னால் அவனுடைய நீண்ட நிழல். தங்கச்சி வீட்டுக்கு ஓடு போட்டாச்சு என்று எழுதியிருந்தான். இந்த மேசையில் இருக்கிற எவருக்கும் நான் யாரென்று முழுக்கத் தெரியாது. தெரிந்த ஒருத்தன் அந்த வெயிலில் ஆடு மேய்த்துக்கொண்டு போனான்.