பைகளைத் திறந்து பார்க்கும் ஜசிந்தா

ஜசிந்தா அன்ரி என்னிடம் முதலில் என் பெயரைக் கேட்கவில்லை. "பாக்கைத் திற" என்றார், என் முதுகுப் பையைக் காட்டி.

கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு மேல்மாடி அறை வாடகைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டு, அவர் சொன்னபடியே ஞாயிறு காலை கத்தோலிக்கக் கோவில் வாசலுக்குப் போயிருந்தேன். பல வருடம் நாடு நாடாக அலைந்துவிட்டுத் திரும்பியிருந்த எனக்கு, வெள்ளவத்தையில் அம்மாவின் ஃபிளாட்டில் இரண்டு கிழமைக்கு மேல் இருக்க முடியவில்லை. முதுகில் என்னுடைய பயணப் பை. கேற்றுக்கு உள்ளே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால், ஐம்பதைத் தாண்டிய, நீலச் சேலை கட்டிய ஒரு பெண்.

"அன்ரி, நான் ரூம் பார்க்க வந்தனான். நேற்று கோல் எடுத்த பிள்ளை."

"எந்தப் பிள்ளையாயிருந்தாலும் பாக்கைத் திற."

ஈரத் துவாய், உள்ளாடை, பிஸ்கட் பக்கெட் எல்லாம் மேசைக்கு வந்தன. அடியில் கிடந்த சிறு கத்தியையும் கண்டுபிடித்துவிட்டார்.

"இது என்னத்துக்கு?"

"பழம் வெட்ட."

"கோவிலுக்குள்ள ஒருத்தரும் பழம் வெட்டுறேல்ல." கத்தி மேசை லாச்சிக்குள் போனது. "பூசை முடிய வாங்கிக்கொண்டு போ."

எனக்குக் கோபம் வரவில்லை. ஹொஸ்டல் கட்டில்களில் பாஸ்போட்டை வயிற்றோடு கட்டிக்கொண்டு தூங்கிப் பழகியவள் நான். இந்த மனுசியோடு இருக்கலாம் என்று அப்போதே தோன்றியது.

அன்ரி வார நாட்களில் கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரிடம் நம்பர் கூப்பிடுகிறவர். கணவர் இறந்துவிட்டார். மகன் கட்டாரில். ஞாயிறு பூசைக்கும் செவ்வாய் நவநாள் செபத்துக்கும் கோவில் வாசலில் பெண்களின் பைகளைச் சோதிப்பவரும் அவர்தான். ஆண்கள் பக்கம் நிரோஷன் என்ற இளைஞன். 2019இல் ஒரு முஸ்லிம் தீவிரவாதக் குழு கோவில்களில் வெடிக்கவைத்த உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு தொடங்கிய ஏற்பாடு இது. முதலில் பொலிஸும் ஆமியும் நின்றார்கள். அவர்கள் போன பிறகு தொண்டர்களும் ஒவ்வொருவராகக் களைத்துப்போனார்கள். அன்ரி மட்டும் களைக்கவில்லை. யாருடைய பைக்குள் என்ன இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம்.

"ரஜனி, இறாலோட பூசைக்கு வாறியோ?"

"பிறகு போனா சந்தையில முடிஞ்சிடும் அன்ரி" என்பாள் அவள்.

"மணத்துக்கு அந்தோனியாரே இறங்கி உன்ர வீட்டுக்கு வந்திடுவார். மேசைக்குக் கீழ வை."

போகப் போக வேறொன்றைக் கவனித்தேன். பூசை தொடங்கிய பிறகும் அன்ரி உள்ளே போவதில்லை. நன்மை நேரத்தில் பாதர் நற்கருணை அப்பத்தோடு வாசல் வரை வந்து அவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லும்போதும் கண்ணைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தே சொல்வார். இவருக்கு விசுவாசமே இல்லை, வாசல் காவல் என்பது உள்ளே போகாமலிருக்க ஒரு சாட்டு என்று முடிவு கட்டினேன். எனக்கும் விசுவாசம் கிடையாது. கூட்டாளி ஒருத்தி கிடைத்தாள் என்று கொஞ்சம் சந்தோஷம்கூட.

ஒருநாள் அவர் போஞ்சி நறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன்.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. கும்பிடுறீங்களா, நடிக்கிறீங்களா?"

"நடிக்கிறதுக்கு ஆர் எனக்குச் சம்பளம் தாறது?" என்றார். இன்னும் இரண்டு போஞ்சி நறுக்கினார். பிறகு சொன்னார்.

அந்த உயிர்த்த ஞாயிறன்று அவர் இருந்தது இந்தக் கோவிலில்தான். குண்டு இங்கே வெடிக்கவில்லை. அவர் நன்மை வாங்கி வந்து, முழந்தாளிட்டு, கண்ணை மூடியிருந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அப்படித்தான். கண்ணை மூடினால் ஒரு குளிர்மையான இடம் வரும்.

"எந்தக் கவலையும் அங்க வராது, பிள்ளை. மனுசன் செத்த வருசம் முழுக்க நான் அங்கதான் இருந்தனான்."

வேறு கோவிலில் வெடித்த செய்தி ஃபோன்களில் வந்ததும், சனம் எழும்பி ஓடியதும் அவருக்குக் கேட்கவில்லை.

"கண்ணைத் திறந்தா கோவில்ல ஒருத்தரும் இல்ல. செருப்புகள் கிடக்குது. ஆரோ ஒரு பிள்ளைட தொப்பி கிடக்குது. பக்கத்தில இருந்தவள்கூட என்னைத் தட்டி எழுப்பேல்ல."

அதற்குப் பிறகு அவரால் கண்ணை மூட முடியவில்லை. "கடவுள்ல எனக்குச் சந்தேகமில்ல. எனக்குப் பின்னால இருக்கிற கதவிலதான்" என்றார். வாசலில் நின்று கடைசிப் பையையும் பார்த்து முடித்தால் மனம் கொஞ்சம் அடங்கும். இப்போதைக்கு அதுதான் செபம்.

நான் அதையும் பாதிதான் நம்பினேன்.

பிறகு புதிதாக பாதர் பிரசாந் வந்தார். ஒரு ஞாயிறு பூசை முடிவில், வருகிற கிழமையிலிருந்து பைச் சோதனை இல்லை என்று அறிவித்தார். அன்ரி அவரை வாசலிலேயே மறித்துக் காரணம் கேட்டார்.

"அன்ரி, செவ்வாய்க்கிழமையில மெழுகுதிரி கொளுத்த எத்தனை சைவ ஆக்கள், முஸ்லிம் ஆக்கள் வந்தவை? இப்ப ஆர் வருகினம்? மாளிகாவத்தை ஜெஸீமா அம்மா போன கிழமை இந்த மேசையடியிலயே திரும்பிப் போயிட்டா."

"நான் அவவை மட்டும் பார்க்கேல்ல, பாதர். எல்லாற்ற பையும்தான் பார்த்தனான்."

"அவவின்ர பையை எவ்வளவு நேரம் பார்த்தனீங்க?"

அன்ரி மேசை லாச்சியைத் திறந்து மூடினார். நிரோஷன் நிலத்தைப் பார்த்தான்.

"அப்ப நான் எங்க நிக்கிறது?" என்று கடைசியில் கேட்டார்.

"உள்ளதான், அன்ரி. எல்லாரோடயும்."

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் பாத்திரச் சத்தம் அதிகம். ஹெந்தளைக் கோவிலுக்குப் போகப்போவதாக ஒருநாள் சொன்னார். மறுநாள், இனிமேல் ரிவியில்தான் பூசை என்றார். "இங்கயெண்டா எனக்குப் பின்னால சுவர்." சொல்லிவிட்டு அவரே அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. வாசலும் இல்லையென்றால் இந்த மனுசிக்குக் கோவிலே இல்லாமல் போய்விடும்.

ஞாயிறு காலை நீலச் சேலையோடு படியடியில் நின்று கூப்பிட்டார்.

"வாறியா?"

"நானா? நான் கும்பிடுறேல்லையே."

"அதுக்குத்தான் கேக்கிறன். கும்பிடுறவளுகளெல்லாம் கண்ணை மூடிடுவாளுகள். நீ ஒருத்தரையும் நம்பாதவள். நீ கதவைப் பார், நான் பீடத்தைப் பார்க்கிறன். ஏதுமெண்டா என்னைத் தட்டு. விட்டிட்டு ஓடிடாத."

வாசலில் மேசை இல்லை. முன்னால் போன பெண்ணின் பையை நோக்கி அன்ரியின் கை தானாக நீண்டது. சேலைத் தலைப்பைப் பிடித்து அதை அடக்கிக்கொண்டார். நடு வரிசை வாங்கில் இருந்தோம். நான் பக்கவாட்டில் திரும்பி, கதவைப் பார்த்தபடி இருந்தேன். பின்னால் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். பிந்தி வந்த ஒவ்வொருவரின் கையையும் பார்த்தேன். குடை, குழந்தை, பொலித்தீன் பையில் பாண்.

நன்மை வாங்கி வந்து அன்ரி முழந்தாளிட்டார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடினார்.

அப்போதுதான் அவன் உள்ளே வந்தான். வியர்த்த முகம், கையில் ஹெல்மெட், முதுகில் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் போடும் பெரிய சதுரப் பை. தூணடியில் பையை இறக்கி வைத்தான். திறக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். என் கை அன்ரியின் தோளுக்குப் போய்விட்டது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். பைகளைப் பார்க்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த வாய், இப்போது லேசாகத் திறந்திருந்தது. தூங்குகிற பிள்ளையின் வாய் போல.

தட்டவில்லை. சரியா பிழையா தெரியாது. அவனிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். அவன் ஹெல்மெட்டை நிலத்தில் வைத்துவிட்டு, பைக்குப் பக்கத்திலேயே முழந்தாளிட்டான். கொஞ்ச நேரத்தில் எழும்பி, சிலுவை அடையாளம் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அன்ரி கண்ணைத் திறந்தார். முதலில் இடது பக்கம் பார்த்தார், பிறகு வலது பக்கம், பிறகு என்னை.

"ஆரும் வந்ததோ?"

"ஓம்."

"ஆர்?"

"சனம்தான்."

"வடிவாப் பார்த்தனியா?"

"பார்த்தனான்."

"இன்னும் பார்" என்றுவிட்டு மறுபடியும் கண்ணை மூடினார்.