காட் இன்னும் வரேல்ல

எங்கள் ஜெபக்கூடம் கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கடலோரத் தண்டவாளத்தில் ரெயின் இரைந்துகொண்டு போகும்போது பாஸ்டர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். சபையும் நிற்கும். அந்த இடைவெளியில்தான் நான் பகிடி விடுவது. நான் அங்கே ட்ரம்ஸ் அடிக்கிறவன். ஓ.எல். சோதனையில் கணக்கை இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாவது தரம் எழுதிய ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன். இதை நான் சொல்லாவிட்டால் அம்மா சொல்லிவிடுவா.

கிருபாமணி அன்ரி பிளவுஸ் தைக்கிறவ. ஒரே மகன் சயந்தன் பிரான்சில் அகதி; இங்கே திரும்பி வரமுடியாது. அங்கே இருக்க விடுகிற அட்டை, எங்கள் வாயில் 'காட்', கிடைத்தால்தான் அவன் இந்தியாவுக்காவது வந்து, அங்கே தாயைப் பார்க்கலாம். போகும்போது அவனுக்கு மீசை ஒழுங்காக முளைக்கவில்லையாம். இப்போது வீடியோ கோலில் முன்மண்டை பளபளக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எல்லாரும் கிடைத்ததற்குச் சாட்சி சொல்வார்கள்: வேலை, பிள்ளை, வத்தளையில் வீடு. அன்ரி மட்டும் கிடைக்காததற்குச் சொல்வா. எழும்பி, முந்தானையை இழுத்துவிட்டு, "காட் இன்னும் வரேல்ல. ஸ்தோத்திரம்" என்றுவிட்டு இருந்துவிடுவா. நான் பின்னால் மெல்லமாக ஒரு 'டும்' அடிப்பேன். அவவுக்குக் 'காட் அன்ரி' என்று பெயர் வைத்ததும் நான்தான். என் வாழ்நாள் சாதனையே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் சென்னையிலிருந்து ஒரு பாஸ்டர் வந்தார். நாங்கள் இங்கிலீசில் கடவுளைக் 'கோட்' என்போம். அவர் 'காட்' என்றார். அதைக் கேட்டதும் என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. கணக்குக்கு அது ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அன்ரி எழும்பி வழமையானதைச் சொன்னா. சென்னைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. குனிந்து, அந்தம்மா என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை.

"அவவுக்குக் காட் இன்னும் வரேல்லையாம், பாஸ்டர். ஏழு வருஷமாப் பாத்துக்கொண்டு இருக்கிறா."

அவர் கண்கலங்கிப் போய் அன்ரியின் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஆண்டவரே, இந்தச் சகோதரியிடம் வாரும், இவர் அறையில் வந்து தங்கும், இவரைத் தனியே விடாதேயும் என்று. நடுவில் இரண்டு ரெயின் போனது. நான் சிரிப்பை அடக்கச் சிம்பலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். அன்ரி அழுதா. அதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

முடிந்து இறங்கும்போது படியில் என்னை மறித்தா.

"அவர் காட்டை மாறி விளங்கிட்டார், என்ன?"

"ஓம் அன்ரி."

"உன்ர வேலைதானே?"

"ஓம்."

"நல்லதாப் போச்சு. காட்டைக் கேட்டுக் கேட்டு, நான் இதைக் கேக்க மறந்தே போனனான்."

பிறகு என் காதைத் திருகினா. பாசத்தில் என்று நினைக்கவேண்டாம். நல்ல நோவு.

போன கிழமை சயந்தனுக்குக் காட் இல்லை என்று மறுபடியும் பதில் வந்தது. திரும்ப முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். ஞாயிறு அன்ரி வரமாட்டா என்று நினைத்தேன். வந்தா. சாட்சி நேரத்தில் எழும்பினா. முந்தானையை இழுத்துவிட்டா. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அழுகையை மறைக்க ஒரு ரெயினாவது வரக்கூடாதா என்று பார்த்தேன். தேவையில்லாத நேரமெல்லாம் வருகிற ரெயின், அன்றைக்கு வரவில்லை.

"காட் இன்னும் வரேல்ல" என்று ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். நடுவில் கீச்சென்று உடைந்தும் போனது.

அன்ரி திரும்பி என்னைப் பார்த்தா. "ஸ்தோத்திரம்" என்றா. பிறகு சபையைப் பார்த்து, "தம்பியின்ர கணக்கும் இன்னும் வரேல்ல. அதுக்கும் ஸ்தோத்திரம்" என்றுவிட்டு இருந்தா.

கூடமே சிரித்தது. பின்வரிசையில் யாரோ வாயால் 'டும்' என்றார்கள். அம்மாவின் குரல் மாதிரித்தான் இருந்தது.