துரை போட்ட வெள்ளைக் கோடு

போன வாரம் நுவரெலியா ஏரிக்கரையில் ஒரு பழைய வேன் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. வெள்ளைக்கார ஜோடியொன்று அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு ஊர் சுற்றுகிறதாம். பையன் ஸ்டார்ட் செய்தான். இரண்டு இருமல், அப்புறம் எரியாத பெட்ரோல் நாற்றம். டைமிங் பிந்தி நிற்கிறது என்று என் காது சொல்லிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் கிழவனுக்கு இந்தக் காது மட்டும் இன்னும் சாகவில்லை. போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்த நாற்றம் என்னை வட்டகொடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே ஒரு தோட்டத்தில் நான் டிரைவர். டிரைவர் என்றால் ஓட்டுவதும் நான், கழற்றி மாட்டுவதும் நான், கழுவுவதும் நான். பழைய துரை மீன் பிடிக்கப் போவதற்கென்று ஒரு வேனுக்குள் பலகைக் கட்டில் அடித்து வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பும்போது அதைத் தோட்டத்துக்கே விட்டுப் போனார். வயது போன வண்டி. விடியற்காலைப் பனியில் கிளம்பமாட்டேன் என்று அடம் பிடிக்கும். பிளக்குகளைக் கழற்றிக்கொண்டு போய் எங்கள் அடுப்பில் சூடு காட்டுவேன். ரொட்டி தட்டும் அம்மா, "இதயும் தொட்டுக்க வச்சிக்கிறியா?" என்பாள்.

டைமிங் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இஞ்சினுக்குள் நெருப்புப் பொறி எப்போது விழவேண்டும் என்று வைப்பதுதான். பிந்தி விழுந்தால் வண்டி இழுக்காது, கொதிக்கும். ரொம்ப முந்தினால் கடகடவென்று தட்டும். என்னிடம் கருவி கிருவி எதுவும் இல்லை. ஹேண்டிலால் இஞ்சினைச் சுற்றி அடையாளத்துக்குக் கொண்டுவந்து, பொறியைக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டருக்குள் தொட்டுப் பிரியும் பாயிண்டுகளுக்கு நடுவில் சிகரட் சுற்றும் தாளைச் செருகி, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். தாள் பிடிவிட்டு விரலோடு வருகிற இடம்தான் பொறி விழும் இடம். மலையில் காற்று இளசு. அதனால் ஒரு மயிரிழை முந்தி வைப்பேன். கொழும்புச் சூட்டில் அதே வண்டி தட்டும்.

புதிய துரைக்கு அந்தத் தட்டல் பிடிக்கவில்லை. குடும்பத்தோடு கொழும்புக் கடற்கரைக்குப் போனவர், அங்கேயே ஒரு கராஜில் டைமிங்கைப் பிந்தி வைத்தார். அதை யாரும் அசைக்காதபடி டிஸ்ரிபியூட்டரிலிருந்து இஞ்சின் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடும் போட்டுக்கொண்டு வந்தார். அசைத்தால் கோடு உடைந்துவிடும். மேட்டில் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"கொழும்பு மெக்கானிக்குக்கு நீ பெரிய ஆளா? கோடு உடைஞ்சா பத்துச்சீட்டு" என்றார்.

அந்த வேலைநீக்கச் சீட்டை வாங்கினால் வேலை மட்டும் போகாது. வயதாகிவிட்டதென்று அப்பாவின் பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து எப்போதோ வெட்டிவிட்டார்கள். தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிரா என் வேலையை நம்பித்தான் நின்றது. வேலை போனால் கூரையும் போகும்.

என் தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அடைமழை பெய்த ஒரு பகலில், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று தோட்டத்து மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கொழுந்து லொறி வெளியே போயிருந்தது. துரை வேனைக் கொடுத்தார். கொடுக்கவில்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் துரைசாணி வேன் கட்டிலின் மெத்தையை எடுத்துப் பங்களாவுக்குள் வைத்த பிறகுதான் வண்டி இறங்கியது. கறை படுமாம். தங்கச்சி வெறும் பலகையில், கொழுந்துச் சாக்கின் மேல், அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள்.

நானுஓயா மேட்டில் வண்டி ஊர்ந்து, கொதித்து, நின்றது. ஓடைத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினேன். அடுத்த வளைவில் மறுபடி நின்றது.

"ஏண்ணே நிக்கிது?" என்று தங்கச்சி முனகினாள்.

நான் ஸ்பானரை எடுத்தேன். அம்மாவுக்கும் கோட்டின் கதை தெரியும். பின்னாலேயே இறங்கி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "வேணாம்டா, எல்லாத்தயும் வெளிய தள்ளிருவாங்கடா" என்றாள். பிறகு வண்டிக்குள் திரும்பிப் பார்த்தாள். கையை விட்டுவிட்டு, முந்தானையை விரித்து இஞ்சின் மேல் மழை விழாமல் பிடித்துக்கொண்டாள்.

பெயிண்ட் சில்லாகத் தெறித்தது. தாளைச் செருகி, என் பழைய இடத்துக்கே வைத்தேன். வண்டி ஏறியது.

தங்கச்சி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. "கொஞ்சம் முந்தி வந்திருந்தா அதயும் காப்பாத்தியிருக்கலாம்" என்று நர்ஸ் சொன்னாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனாலும் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டைமிங்கைத் திருப்பிப் பிந்தி வைத்தாலும் உடைந்த பெயிண்ட் ஒட்டப் போவதில்லை. அப்படியே விட்டேன். மறுநாள் துரை பொனட்டைத் திறந்தார்.

"யார் ஒடச்சது?"

"நாந்தாங்க தொரை. தங்கச்சி சாகக் கெடந்துச்சுங்க."

"அது வேற கதை" என்றார்.

சட்டி பானையோடு தலவாக்கலைக்கு வந்தோம். ஒரு முஸ்லிம் நானா தன் கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார். அவர் புண்ணியத்தில் நனையாமல் கிடந்தோம். அப்பா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. "நம்ம காம்பிராவுக்கு எப்ப போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பிறகு அந்த வேனுக்கு வந்த டிரைவர் பண்டாவைக் கடைவீதியில் கண்டேன். நல்ல மனுசன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "மச்சாங், வண்டி இப்ப நல்லா ஏறுது. தொரைக்கு ரொம்ப சந்தோசம். நீ வச்ச எடத்துலயே புதுசா கோடு போடச் சொல்லிட்டாரு."

அந்த லயம் இப்போது இல்லை. இடித்துத் தேயிலை நட்டுவிட்டார்கள். வேன் பழைய இரும்புக்குப் போய் எவ்வளவோ காலம். தங்கச்சியும் போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கூரை போனதும் அப்பா போனதும் தன்னால்தான் என்று கடைசி வரை புழுங்கினாள். "அந்த வண்டி அப்பறம் என்னாண்ணே ஆச்சு?" என்று திடீர் திடீரென்று கேட்பாள்.

"அன்னிக்கோட கெட்டுப்போச்சும்மா. அப்பறம் யாருக்குமே ஓடல" என்பேன். புதுக் கோட்டைப் பற்றி அவளிடம் நான் வாயே திறந்ததில்லை.