உடைக்கிற பெட்டி

“லைட் என்ன நிறத்தில எரியுது?”

போனை எடுத்ததும் கமலாசனி அக்கா வணக்கம் சொல்வதில்லை, இதைத்தான் கேட்பார். பச்சை என்றால், “அப்ப பிழை உங்கட போனில.” சிவப்பென்றால், “ரூபன் வெளிக்கிட்டிட்டார்.” ஒன்றுமே எரியவில்லை என்றால், “ரவுட்டரைக் கழட்டிப்போட்டு ஆர் றைஸ்குக்கர் குத்தினது?” மறுமுனையில் சிரிப்பு.

அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் இணையம் கொடுப்பது இவரும் இவருடைய கணவர் ரூபன் அண்ணையும்தான். கம்பத்தில் ஏறுவது அவர்; கீழே நின்று ஏசுவது இவர். அவர்களுடைய கடைக்கும் நான் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். ஊர்க் கதை பாதி அதன் வழியாகத்தான் வருகிறது.

மனிதரை ஏசுகிற அக்கா இயந்திரங்களோடு மட்டும் மரியாதையாகக் கதைப்பார். “கொஞ்சம் பொறுங்கோ, வயரை மாத்திவிடுறன்.” கடையின் ஒரே மின்விசிறி பெரிய ரவுட்டரைப் பார்த்தபடி சுழலும்; அக்கா காலண்டர் மட்டையால் விசிறிக்கொள்வார். எந்த வயர் எந்த ஊருக்குப் போகிறது என்பதற்கு அடையாளம் ஒட்டுப்பொட்டு. அவசரத்துக்குத் தன் நெற்றியில் இருப்பதையே எடுத்து ஒட்டிவிடுவார்.

ஊருக்கு வரும் இணையத்தை வீடு வீடாகப் பிரித்து அனுப்பும் அந்தப் பெரிய ரவுட்டர் இந்த வருடம் தளர்ந்துபோனது. புதிதாக ஒன்று வேண்டும். இரண்டு வழி இருந்தது. ஒன்று கம்பனிப் பெட்டி. உள்ளே ஓடும் மென்பொருள் கம்பனியுடையது. பழுதானால் அவர்களுடைய ஆள் வருவார், வேறு யாரும் தொடக்கூடாது. மற்றது, சாதாரண கொம்பியூட்டரில் திறந்த மென்பொருளைப் போட்டு அதையே ரவுட்டராக்குவது. யாரும் உள்ளே பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், மாற்றலாம். பழுதானால் நம் பாடு.

ரூபன் அண்ணை கம்பனிப் பெட்டியின் பக்கம். காரணம், தங்கை சுமித்திராவின் கலியாணம். கடை தொடங்கியதிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு விசேஷத்துக்கும் போனதில்லை. ஒருவர் போனால் மற்றவர் ரவுட்டருக்குக் காவல். சுமித்திராவோ வவுனியாவிலிருந்து சொல்லிவிட்டாள்: “அண்ணி வந்தாத்தான் மணவறையில ஏறுவன்.”

“பழுதானா கம்பனிக்காரங்கள் வருவாங்கள். நாங்கள் நிம்மதியாப் போயிட்டு வரலாம்.”

“அவங்கள் கொழும்பில இருந்து வாறதுக்குள்ள உங்கட தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திடும்.”

“உம்மட திறந்த பெட்டியெண்டா, நீர் பந்தியில இருந்து எழும்பி ஓடுவீர். எனக்குத் தெரியாதே?”

சுவருக்கு அப்பால் காலண்டர் மட்டை வேகமாக விசிறும் சத்தம். அவர் சொன்னது உண்மை.

பெட்டியோடு வந்த கம்பனிக்காரரிடம், அதைத் தொட்டபடி அக்கா கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, இவரை ஒருக்காப் பழுதாக்கிப் பாக்கலாமோ?”

“பழுதாக்கவோ?”

“ஓம். பழுதாக்கித் திருத்தி, ஊரில ஆராவது பழகினா நான் கலியாணத்துக்குப் போகலாமெல்லே.”

“அதுக்குத்தானே அக்கா நாங்கள் இருக்கிறம்.”

அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பெட்டியிடம், “குறை நினையாதேங்கோ” என்று சொல்லி மட்டைப்பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

இப்போது கடையில் இரண்டு கொம்பியூட்டர்கள், இரண்டிலும் ஒரே திறந்த மென்பொருள். ஒன்று ஊருக்கு வேலை செய்கிறது. மற்றதற்குப் பெயர் ‘உடைக்கிற பெட்டி’. யாரும் வந்து குழப்பலாம், ஊர் இணையத்துக்கு ஒன்றும் ஆகாது. முதற்கிழமை, வேலை செய்கிற பெட்டியே அரை நாள் முரண்டு பிடித்தது. ரூபன் அண்ணை விசிலடித்தார். திருத்தும் வழியைப் பிரேசிலில் முகம் தெரியாத ஒருவர் எழுதி வைத்திருந்தார். “மனுசன் நல்லாயிருக்கோணும்” என்று அக்கா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உடைக்க வந்தவர்களில் தலைசிறந்தவர் சிற்றம்பலம் அண்ணை, இளைப்பாறிய பஸ் சாரதி. ஊரிலேயே அதிகம் முறைப்பாடு சொன்னவர். பழி தீர்க்கத்தான் வந்தார், பிறகு போகவில்லை.

“பிள்ளை, முழு அக்கராயனையும் நிப்பாட்டிப்போட்டன்!”

“கெட்டிக்காரன். இனி எழுப்புங்கோ.”

எழுப்பும்வரை வீட்டுக்குப் போகமாட்டார். மனைவி தங்கம்மா சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவந்து, “ஐம்பது பேரை ஏத்தி ஓடின மனுசன், இப்ப ஒரு பெட்டியை ஓட்டத் தெரியாமல் முழிக்குது” என்பார்.

கலியாணத்தன்று கடைப் பூட்டின் திறப்பு சிற்றம்பலம் அண்ணையின் கையில். சுமித்திரா மணவறையில் ஏறினாள். எனக்கும் அழைப்பு இருந்தது. மத்தியானப் பந்தியில் அக்காவுக்கு எதிர் வரிசையில் இருந்தேன். பெண்ணின் அண்ணன் என்ற முறையில் ரூபன் அண்ணை பாயாச வாளியோடு வந்துகொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது.

“பிள்ளை, ஸ்கந்தபுரம் விழுந்துபோச்சு!” சிற்றம்பலம் அண்ணையின் குரல் என் இலைவரை கேட்டது.

அக்கா இலையைப் பாதி மடித்துவிட்டார். ஒரு கால் ஏற்கெனவே கதிரைக்கு வெளியே. ரூபன் அண்ணை வாளியோடு அப்படியே நின்றார்.

“கதிரை இழுபடுறது கேக்குது, எங்க எழும்புறாய்? இரு, இரு! பத்து நிமிசத்துக்கு முந்தி விழுந்தது. நான் எழுப்பிப்போட்டன். சந்தோசத்தில புளுகம் தாங்கேலாமல் உனக்கு எடுத்தனான்!”

போனைக் கவிழ்த்து வைத்தார் அக்கா. மடித்த இலையை விரித்து, சுருக்கம் போக உள்ளங்கையால் இருமுறை நீவி, வாளியின் பக்கம் தள்ளினார்.