சாரம் ஆடிய காலை

கல்யாணமாகி நான் நெமிலிச்சேரிக்கு வந்தபோது அந்த வீட்டில் யாரும் கழனி வேலைக்குப் போவதில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. அவர்கள் முன்பு நாற்று நட்டுக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போய்வந்தார். அவருடைய தங்கை, என் நாத்தனார், ஆவடிப் பக்கம் தொழிற்சாலை ஆட்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த மாடிக் குடியிருப்பில் சித்தாளாக இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் வாய்க்கு ஊரே ஒதுங்கிப் போகும். புதுப்பெண் என்று என்னை அடுப்பங்கரையிலேயே வைத்திருந்தார்கள். நான் தவிப்பதைப் பார்த்துவிட்டு, "வா அண்ணி, ஊட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற?" என்று ஒரு நாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்போது அங்கே சுவர் வேலை முடிந்து பூச்சு வேலை ஆரம்பித்திருந்தது. கட்டடத்தைச் சுற்றிச் சவுக்குக் கட்டைகளை நட்டு, குறுக்கே கட்டை வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே பலகை போட்டிருந்தார்கள். அதுதான் சாரம். கொத்தனார்கள் அந்தப் பலகையில் நின்று சுவருக்குச் சிமெண்டு பூசுவார்கள். கீழே நாங்கள் மணலும் சிமெண்டும் கலந்து, பாண்டு என்ற இரும்புச் சட்டியில் அள்ளி, தலையில் வைத்துக்கொண்டு சாய்வுப் பலகை வழியாக மேலே ஏறிக் கொட்ட வேண்டும்.

முதல் நாள் அந்தச் சாய்வுப் பலகையில் கால் வைத்ததும் பயந்து நின்றுவிட்டேன். பலகை என் எடைக்கு ஏற்றபடி மேலும் கீழும் அசைந்தது. நாத்தனார் எனக்கு முன்னால் வீட்டு வாசலில் நடப்பது போலப் போய்க்கொண்டிருந்தாள். கீழே பார்க்காதே, என் குதிகாலையே பார்த்துக்கொண்டு வா என்றாள். அப்படியே போனேன். மேலே போய்ப் பாண்டை இறக்கி நிமிர்ந்தபோதுதான் சுற்றிலும் பார்த்தேன். ஏரித் தண்ணீர் தகதகவென்று கிடந்தது. தூரத்தில் பட்டாபிராம் பக்கமாக ஒரு ரயில் சின்னதாக ஊர்ந்துபோனது. நான் பிறந்ததிலிருந்து தரையிலேயே இருந்தவள். உலகம் இவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு மேலே ஏறுவதற்கு நான்தான் முந்திக்கொள்வேன்.

வேலையில் தொல்லைகள் இல்லாமல் இல்லை. சிமெண்டு கை கால் விரல் இடுக்குகளை அரித்துவிடும். சாயங்காலம் நன்றாகக் கழுவிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வோம். கொத்தனார் கரணையால் கலவையை வீசி அடிக்கும்போது துளி தெறித்துக் கண்ணில் விழும். உடனே தண்ணீர் ஊற்றாவிட்டால் கண் கோவைப்பழமாகிவிடும். அதனால் ஒவ்வொரு தளத்திலும் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்திருந்தோம். இதெல்லாம் யாரும் உத்தரவு போட்டுச் செய்ததில்லை. பட்டுப் பட்டுப் பழகியது.

ஒரு நாள் நான் பாண்டோடு ஏறும்போது சேலைத் தலைப்பு பின்னால் ஒரு கட்டை நுனியில் மாட்டிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. அடுத்த அடி வைத்தேன். யாரோ பின்னாலிருந்து இழுத்தது போல உடம்பு சாய்ந்தது. பாண்டு நழுவிக் கீழே மணலில் போய் விழுந்தது. நான் பக்கத்துக் கட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். எதிர்ப்பக்கக் குடியிருப்பில் ஏற்கெனவே ஆட்கள் குடிவந்திருந்தார்கள். அங்கே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இதைப் பார்த்துக் கத்தியேவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் இறங்கி வருவதற்குள் அவரே படியிறங்கி ஓடிவந்துவிட்டார்.

"ஏட்டி, முந்தானையைத் தொங்கவிட்டுக்கிட்டா இம்புட்டு உசரம் ஏறுவாவ? இன்னொருக்க மாட்டிச்சுன்னா கீழல்லா விழுவே?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே கையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பழைய காக்கிச் சட்டையை என் தோளில் போட்டார். அவர் கணவருடையது. தலைப்பை இடுப்பில் செருகி அதன் மேல் சட்டையைப் போட்டு, அவரே பொத்தானும் மாட்டிவிட்டார். சட்டை எனக்கு முழங்கால் வரை வந்தது.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அரைமணி நேரம் வேலை ஓடவில்லை. போலீசு வந்துட்டாங்க, எல்லாரும் ஓடுங்க என்று கொத்தனார்களிடம் போய்ச் சொன்னாள். ஆனால் சட்டை போட்ட பிறகு என் வேகத்தை அவள் பார்த்தாள். தோளில் சிமெண்டுத் தண்ணீர் வழிந்தாலும் உடம்பில் படவில்லை. மறுநாள் தன் அண்ணனுடைய சட்டையை, அதாவது என் வீட்டுக்காரருடைய நல்ல சட்டையை, கேட்காமலேயே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வாரத்துக்குள் சித்தாள்கள் எல்லோரும் சட்டைக்காரிகளாகிவிட்டோம். கோடு போட்டது, கட்டம் போட்டது, காலர் கிழிந்தது என்று சாரத்தில் ஒரு துணிக்கடையே ஏறி இறங்கியது.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் பெய்தாலும் இடையிடையே வேலை நடந்தது. மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு காலை, நாங்கள் போய்ச் சேர்ந்ததும் நாத்தனார் சாரத்துக் கட்டை ஒன்றைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அது மொத்தமாக ஆடியது. நனைந்திருந்தவரை இறுகியிருந்த கயிறு காய்ந்ததும் தளர்ந்து போயிருந்தது. முடிச்சுக்குள் விரலை விட்டால் உள்ளே போனது.

மேஸ்திரி நல்ல மனிதர்தான். சென்னீர்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். உயரம் கம்மி, குரல் பெரிசு. ஆனால் மழையால் வேலை தேங்கிவிட்டது என்று காண்டிராக்டர் அவரை அரித்துக்கொண்டிருந்தார். அதனால் ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு வரைக்கும் பூசி முடித்துவிட்டு மத்தியானம் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்றார்.

நாத்தனார் தன் பாண்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் என் பாண்டைக் கவிழ்த்தேன். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தோம். மேலே ஏற இருந்த கொத்தனார்களும் கரணையைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள்.

"நேத்தும் இதே சாரம்தானே? இன்னிக்கி இன்னா புச்சா?" என்றார் மேஸ்திரி.

"நேத்து கயிறு ஈரமா இருந்திச்சு. இன்னிக்கி தொளதொளன்னு கீது. கட்டினாதான் ஏறுவோம் மேஸ்திரி," என்றாள் நாத்தனார்.

மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே ஏறிக் காட்டுவதாகச் சொல்லி விறுவிறுவென்று மேலே போனார். வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று சொன்னோம். அவர் முதல் தளத்துப் பலகையில் நின்று, பார்த்தீர்களா என்பது போலக் கைகளை விரித்தார். குறுக்குக் கட்டை ஒரு பக்கம் சறுக்கியது. பலகை அவர் காலடியில் சாய்ந்தது. அவர் செங்குத்தாக நின்ற கட்டை ஒன்றைத் தாவிப் பிடித்துக்கொண்டு சர்ரென்று வழுக்கி வந்தார். பாதி வழியில் பிடி விட்டுப்போக, கீழே நாங்கள் கலந்து வைத்திருந்த கலவைக் குவியலின் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அவர் முகம், மார்பு, தலைமுடி எல்லாம் சிமெண்டு. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது நான். கண்ணைத் திறக்காதீங்க என்று சொல்லி முகத்தில் ஊற்றினேன். மற்றவர்கள் தொட்டியிலிருந்து பாண்டு பாண்டாக மொண்டு அவர் தலையில் கொட்டினார்கள். நாத்தனார் தன் சட்டை நுனியால் அவர் கண் ஓரங்களைத் துடைத்துவிட்டாள். கடைசியில் அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றிக் கிடந்த கலவையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கலவையில தண்ணி ஜாஸ்தியா கீது," என்றார்.

"அதனாலதான் உன் எலும்பு தப்பிச்சுது மேஸ்திரி," என்றாள் நாத்தனார்.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. பீடி பிடித்த கொத்தனார்கள் புரையேறி இருமினார்கள். எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே சிரித்தார். மேஸ்திரிக்கு உள்ளங்கை உராய்ந்திருந்தது, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வேறொன்றும் ஆகவில்லை. அவருக்கு அந்த அம்மாள் டீ போட்டுக் கொடுத்தனுப்பினார். அதைக் குடித்துக்கொண்டே மேஸ்திரி சாரம் கட்டுகிறவரைக் கூப்பிட்டு, எல்லா முடிச்சையும் அவிழ்த்துப் புதுக் கயிற்றால் கட்டச் சொன்னார். அன்றைக்குப் பூச்சு நடக்கவில்லை. மத்தியானம் வந்த காண்டிராக்டர் ஏன் என்று கேட்டதற்கு, "நானே உயுந்து பாத்துட்டேன் சார், தாங்காது," என்று சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவர் நொண்டிக்கொண்டே வந்து ஒவ்வொரு கட்டையையும் பிடித்து உலுக்கிப் பார்ப்பார். அவர் தலையாட்டிய பிறகுதான் நாங்கள் ஏறுவோம். அந்தக் கட்டடம் முடியும் வரை எங்களில் ஒருவரும் விழவில்லை.

பூச்சு முடிந்து சாரம் பிரித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை பலகைகளுக்கும் கட்டைகளுக்கும் இடையே துண்டு துண்டாகப் பார்த்த சுவர், ஒரே சுவராக, வழவழவென்று வெயிலில் நின்றது. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஜன்னலுக்குக் கலவை சுமந்தது தான்தான் என்று நாத்தனார் சாதித்தாள். இல்லை, நான் என்று நானும் விடவில்லை. மேஸ்திரி அன்று பாதி நாளோடு எங்களை அனுப்பிவிட்டார்.

கை கால் கழுவிக்கொண்டு நாங்கள் இருவரும் நேராக ஆவடிக் கொட்டகைக்கு மேட்னி பார்க்கப் போனோம். தரை டிக்கெட். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நாத்தனார் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நெமிலிச்சேரிக்குத் திரும்பி நடக்கும்போது கதையைக் கேட்டாள். நான் சொன்னேன். வழி நீளமாக இருந்ததால், படத்தில் இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அவள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.