திரும்பிப் போகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு

ஃப்ரீமான்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கராஜில் கார் நின்று பல வருடம் ஆகிறது. அங்கே அட்டைப்பெட்டிகள்தான் குடியிருக்கின்றன. டிவி வந்த பெட்டி, மைக்ரோவேவ் வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி. ஊருக்குத் திரும்பும்போது வேண்டியிருக்கும் என்று என் கணவர் ஒன்றைக்கூட மடித்துப்போட விட்டதில்லை. டிவியையே இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. எப்போது திரும்புவோம் என்று கேட்டால், முதலில் கிரீன் கார்டு வரட்டும் என்பார்.

கிரீன் கார்டுக்கான அந்த வரிசையில் மகளின் குழந்தைப் பருவம் முழுக்க நின்றுவிட்டோம். ஈரோட்டிலிருந்து அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இருபத்தொரு வயது ஆகிவிட்டால் எங்கள் விசாவை ஒட்டிக்கொண்டு அவள் இங்கே இருக்க முடியாது. அதற்குள் எங்கள் முறை வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் அரசாங்கம் எந்தத் தேதிவரை விண்ணப்பித்தவர்களைக் கூப்பிடுகிறது என்று அறிவிக்கும். என் கணவர் சாப்பாட்டு மேஜையில் அதை வாசிப்பார். சில மாதம் தேதி நகரும். சில மாதம் பின்னோக்கியும் போகும். மேனேஜரைத் திட்டாத நாளில்லை, ஆனாலும் வேலை போனால் விசாவும் போகும் என்பதால் அதை விட அவருக்குத் துணிச்சல் கிடையாது. விடச் சொல்ல எனக்கும் கிடையாது. சோபா வாங்கலாம் என்றால்கூட அடுத்த வருடம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

முன்பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கார ஆன்ட்டி ஃபிஜித் தீவில் பிறந்தவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர்களின் வம்சம். ரசம் வைப்பார், தமிழ் பேச வராது. மகளின் சரித்திர வகுப்பில், வயதான ஒருவரிடம் அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டு எழுதச் சொன்னார்கள். அவள் ஆன்ட்டியைப் பிடித்தாள். இருவரும் ஆங்கிலத்தில் பேச, நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆன்ட்டி படித்தது தகரக் கூரைப் பள்ளிக்கூடம். கரும்பு வெட்டு முடிந்த மாதங்களில் ஊர்க்காரர்களே மூங்கில் வெட்டிச் சுவர் வைத்துக் கட்டியது. வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். பெஞ்சு போதாமல் காலையில் பாதிப் பேர், மதியம் பாதிப் பேர் படித்தார்களாம். எட்டாவது முடித்தபின் டவுன் ஹைஸ்கூலுக்குப் பரீட்சை எழுதி ஆன்ட்டி பாஸும் பண்ணியிருக்கிறார். இடமில்லை, அடுத்த வருடம் வா என்றார்கள். அடுத்த வருடம் அதைவிடப் பெரிய கூட்டம் வந்து நின்றது. அதோடு தையல் மெஷினில் உட்கார்ந்தவர்தான்.

அரசாங்கம் ஏன் முன்பே பள்ளிக்கூடம் கட்டவில்லை என்று மகள் கேட்டாள். ஆன்ட்டி டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். ஒப்பந்தம் முடிந்ததும் கூலிக்காரர்கள் கப்பலேறிவிடுவார்கள் என்று துரைமார்கள் நினைத்தார்களாம். தங்கள் ஆட்களும் அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதற்குள் வந்தவர்களைவிட அங்கே பிறந்த பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள்.

"திரும்பிப் போறவங்களுக்கு யாரு ஸ்கூல் கட்டுவா?"

ஆங்கிலத்தில்தான் கேட்டார். என் காதில் அது தமிழில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆன்ட்டி மேலா, மேஜையில் உட்கார்ந்து தேதி வாசிக்கும் மனிதர் மேலா, என் மேலேயேவா, தெரியவில்லை. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திறந்திருந்த கதவு வழியே கராஜைப் பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மனதில் கனமாக ஏதாவது இருந்தால்தான் தமிழுக்கு வருவாள்.

"அம்மா, நான் கனடால காலேஜுக்கு அப்ளை பண்ணிருக்கேன். படிச்சு முடிச்சா அங்கேயே இருந்துக்கலாம். இங்க என்னால வெயிட் பண்ண முடியல."

"நாங்க என்ன கண்ணு பண்றது?"

"நீங்களும் வாங்க."

அவளுக்கு அது சுலபம். போனால் இத்தனை வருட வரிசை தண்ணீரில் போகும். இந்த வயதில் என் கணவருக்கு அங்கே யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? அவளுக்கு இடம் கிடைத்ததும், கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிட்டாவது வரலாம் என்று வக்கீலைக் கேட்டோம். இப்போது நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பெற்ற பிள்ளையை ஹாஸ்டல் வாசல்வரை கொண்டுபோய் விட முடியாத நிலைமையை அழாமல் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

ஆகஸ்டில் மைக்ரோவேவ் பெட்டியில் அவள் போர்வைகளையும் புத்தகங்களையும் அடுக்கினோம். ஊருக்குப் போவதற்கென்று இத்தனை வருடம் காத்த பெட்டி. ஆன்ட்டிதான் டேப் ஒட்டிக் கொடுத்தார், பெட்டிகளைப் பற்றி வழக்கமாகச் செய்யும் கிண்டல் எதுவும் செய்யவில்லை. விமான நிலையத்தில் செக்யூரிட்டி கயிறுவரைதான் எங்களால் போக முடிந்தது. அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். வரும் வழியில் ஃப்ரீவேயில் என் கணவர் எங்கள் எக்ஸிட்டைத் தவறவிட்டு அடுத்த ஊரான மில்பிடாஸ்வரை போனார்.

அடுத்த மாதம் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் போனை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் போல வாசித்தார்.

"இந்தத் தடவை ரெண்டு மாசம் நகர்ந்திருக்கு."

"யாருக்குங்க?" என்று கேட்டேன்.