இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

பகவதியை ஏமாற்றியவள் நான். அவளை மட்டுமா? என்னைப் பெற்றவளையும் கூடப் பிறந்தவளையும்தான்...

நீங்கள் சிரிக்கலாம். பூக்கட்டிப் பார்த்ததையெல்லாம் குற்றம் என்று சொல்ல வந்துவிட்டாளே என்று. முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

முப்பந்தலில் காற்றாலைகளைப் பராமரிப்பது எனக்கு வேலை. கோபுரத்து உச்சியில் நின்று, சிறகை அசைக்காமலே மேலேறும் பருந்துகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பித்துப் பிடித்தது. எஞ்சின் இல்லாத விமானம், கிளைடர்! அதை ஓட்டும் தகுதியைப் பெற்றே தீருவது என்று இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் முடிவு செய்தேன். எங்கே போய்க் கற்பது என்பதில்தான் வீட்டில் சண்டை.

வடக்கே ஒரு கிளப். சித்தி வீடு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பயிற்சி. ஒரு வாரம் கற்றதை மறு வாரம் மறந்து, எப்படியும் இரண்டு வருடம் ஆகும். மற்றொன்று ஆஸ்திரேலியாவில், ஆளரவமற்ற சமவெளியில். ஆறு வாரம் திடலிலேயே தங்கி, தினமும் நாலைந்து முறை பறக்கலாம். விடாமல் செய்தால்தான் என் மண்டையில் எதுவும் ஏறும். அம்மாவுக்கோ, மகள் தனியாகக் கடல் தாண்டுவதில் துளியும் சம்மதமில்லை.

"பகவதிகிட்ட பூக்கட்டிக் கேப்போம். அவ சொன்னா சரி" என்றாள்.

மண்டைக்காட்டுப் பகவதி கோயிலுக்குப் போனோம். வெள்ளை வந்தால் ஆஸ்திரேலியா, சிவப்பு வந்தால் சித்தி வீடு. வாழையிலைக் கீற்றில் பூவை இரண்டு பொட்டலமாகப் பொதிந்தவள் நான்தான். சிவப்புத் தெச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்தேன்! தங்கை செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். மற்றதை நான் பிரிக்காமலே கொண்டுபோய்க் கடலில் போட்டேன்.

"பகவதியம்மையே சொல்லியாச்சு. இனி நான் தடுக்கப்பிடாது. பத்திரமாட்டு போயிட்டு வா மக்கா." அம்மாவின் கண் நிறைந்திருந்தது.

கெஞ்சியிருந்தால் விட்டிருப்பாளோ? கேட்டே பார்க்கவில்லையே நான்!

அந்த ஆறு வாரங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! பயிற்சியாளர் என் வயதுப் பெண். நான் தடாலென்று இறக்கிய ஒவ்வொரு முறையும் திட்டாமல், மறுபடி ஏறு என்று மட்டும் சொன்னாள். காலையில் செய்த பிழையை மாலையிலேயே திருத்திக்கொள்ள முடிந்தது. நாலாவது வாரம் தனியாகப் பறந்தேன். இழுத்துச் சென்ற விமானத்தின் கயிற்றை விடுவித்ததும் இரைச்சல் போய்விட்டது. காற்று மட்டும்... அம்மாவை நினைத்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான், கூடவே வெட்கமும்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வருடம் கழித்துச் செல்விக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை வந்தது. மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியும் கூப்பிட்டது. அவளுக்குக் குவைத் போகக் கொள்ளை ஆசை. அம்மாகூட இந்த முறை தடுக்கவில்லை. செல்விதான் பிடிவாதமாகப் பூக்கட்டினாள், நேர்மையாக.

"ஒனக்கு அம்மை காட்டின வழி தப்பல்லியே அக்கா! அன்னைக்கு ஒனக்கு நான் எடுத்தேன். இன்னைக்கு எனக்கு நீ எடு."

என் கையில் வந்தது சிவப்பு. போக வேண்டாம்!

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்... சொல்லியிருந்தால் அவள் குவைத்துக்குப் போயிருப்பாள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின் முன்னால் அசிங்கப்படப் பயம், வேறென்ன? செல்வி பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, போவட்டும்" என்றாள். இன்றும் இரண்டு பஸ் மாறி மார்த்தாண்டம் போய் வருகிறாள். சர்க்கரை ஏறி அம்மா விழுந்தபோது தாங்கியவள் அவள்தான். அவளுக்கு நன்றி சொல்ல வாய் வருகிறது; உண்மையைச் சொல்லத்தான் வரவில்லை.

வேலை மாற்றலாகி வந்த நான், இப்போது அந்த வடக்குக் கிளப்பில்தான் பறக்கிறேன். போன மாதம் செல்வி வந்தாள். முன்னிருக்கையில் அவளை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு ஏறினேன். கீழே வயல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"பகவதியம்மை ஒன்ன சரியான எடத்துக்குத்தான் அனுப்பியிருக்கா அக்கா. எனக்கும் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பா, இல்லியா?"

பின்னிருக்கையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்த என் முகம் அவளுக்குத் தெரியாது.

"ஆமா மக்கா" என்றேன்.